எட்டாவது பெயர்

எட்டுப் பேர் இருந்தால் மேசை உங்களுக்கு,
ஏழென்றால் இல்லை, என்றாள் யாதிரா.
கறாராக ஒன்றும் சொல்லவில்லை,
கொர்தித்தாவை மென்றுகொண்டே சொன்னாள்.
அவள் கூடத்தில் புது விளையாட்டுக்கு
நூற்று நாற்பது பேர் வரிசையில்.
போன மாதம் வந்த விளையாட்டு,
அடுத்த வருடம் இருக்காது.
(இதை அவளிடம் சொல்லவில்லை.)

தொரெயோனில் அன்று புழுதிக் காற்று.
சல்தியோவிலிருந்து ஒரு பல்மருத்துவர்,
பேசிக்கொள்ளாத இரட்டையர்,
லாரி ஓட்டும் இருவர்,
கூக்கோ.
எவுஸ்தோலியா பேருந்தில்
தனக்கொரு சீட்டு, டிவிக்கொரு சீட்டு
எடுத்து வந்திருந்தாள்.

முதுகு பெருத்த பழைய பெட்டி. முப்பது கிலோ.
தட்டைத் திரையில் ஆடினால் என்ன என்பார்கள்.
ஆடலாம்.
விரல் இங்கே அழுத்த, அடி அங்கே விழ,
நடுவில் இமைப்பொழுதில் ஒரு துணுக்கு தாமதம்.
அந்தத் துணுக்கில்தான்
இருபத்திரண்டு வருடமாய்க் குடியிருக்கிறோம்.

ஒன்று ஐம்பதுக்கு
எட்டாவது கட்டத்தில் எழுதினேன்: எரிபெர்த்தோ.

செத்துப்போனவன் என்று நினைக்க வேண்டாம்.
உதிரிபாகத் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்,
கைக்குழந்தை, மாறிய நம்பர்.
அவ்வளவுதான்.
பதினோரு இறுதி ஆட்டங்களில்
கூக்கோவைத் தோற்கடித்தவன்,
ஒருநாள் வரவில்லை,
பிறகும் வரவில்லை.

குலுக்கிப் போட்டதில்
முதல் சுற்றிலேயே கூக்கோவும் அவனும்.
பத்து நிமிடம் பார்ப்பது, வராதவர் தோற்றவர்.
விதியை எழுதியவன் நான்தான்.
கூக்கோ விதியைக் கேட்கவில்லை.
ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால்
இரண்டாவது கட்டையைச் செருகி,
எரிபெர்த்தோவின் ஆளைத் தேர்ந்தெடுத்தான்:
ஒற்றைக்கண் படகோட்டி.
பிறகு தன் கட்டையிலிருந்து கையெடுத்து
முழங்காலில் வைத்துக்கொண்டான்.

தொண்ணூற்றொன்பது நொடி.

அறை முதலில் சிரித்தது.
எழுபதில் சிரிப்பு நின்றது.
ஐம்பதில் யாரோ, "அடிடா" என்றார்.
நாற்பதில்
படகோட்டி துடுப்பைக் கீழே வைத்தான்.

சத்தியமாக.
குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்,
கணுக்காலைச் சொறிந்தான்,
எங்கள் பக்கம் திரும்பி
வாய் நிறைய ஒரு கொட்டாவி.

இரட்டையரில் மூத்தவன் எழுந்தான்.
பயிற்சியில் ஆயிரம் மணி நேரம்
நிறுத்தி வைத்திருக்கிறோமே, இவன் இப்படிச் செய்ததில்லையே.
பயிற்சியில் கடிகாரம் ஓடாதே, என்றான் இளையவன்.
இரண்டு வருடத்தில் அவர்கள் பேசிய முதல் பேச்சு.

ஒருவரையொருவர் தொடாமல்
ஒரு நிமிடம் ஓட விட்டால் மட்டும்
வரும் கொட்டாவி.
நாங்கள் ஒரு நிமிடம் விட்டதே இல்லை.
எங்கோ ஓர் அலுவலகத்தில்
கடைசி ரயிலைத் தவறவிட்ட ஒருத்தி
பதினாறு படம் வரைந்திருக்கிறாள்,
யாராவது என்றாவது
சும்மா இருப்பார்கள் என்று நம்பி.

நேரம் முடிந்தது. சமம்.
மூன்று சுற்றும் சமம்.
சமமென்றால் இருவருமே வெளியே,
அதுவும் நான் எழுதியதுதான்.
கூக்கோ ஒயரைச் சுற்றிக்கொண்டு
சோடா வாங்கப் போனான்.
தாளில் இரண்டு சுழி போட்டேன்.
பேனா சரியாக எழுதவில்லை,
இரண்டாவது சுழி அரைகுறையாக நிற்கிறது.

ஒரு நிமிஷம், என்றார் பல்மருத்துவர்.
என்னுடைய ஆள் என்ன செய்வாள்?

மல்யுத்தக்காரி தலைமுடியை அவிழ்த்துக் கட்டினாள்.
துறவி கள்ளத்தனமாய் எதையோ தின்றான்.
இருபத்தாறு பேர் இருக்கிறார்கள் அந்த விளையாட்டில்.
போட்டி அப்படியே நின்றது,
யாரும் யாரையும் அடிக்கவில்லை.
வெளி வரிசையிலிருந்து பையன்கள் வந்து
கதவருகே எக்கி நின்றார்கள்.

யாதிராவும் வந்தாள், கையில் பட்டியல்.
யார் ஜெயிக்கிறார்கள்?

உஷ், என்றாள் எவுஸ்தோலியா.
இன்னும் பதினோரு நொடி.